லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு: பன்னிரண்டு மாதத்தில் எப்போது போனாலும் ஏமாறாமல் இருக்க

ஸ்விட்சர்லாந்தின் இந்த மலைப் பள்ளத்தாக்குக்கு முதல் தடவை நாங்கள் போனது நவம்பர் மூன்றாம் வாரம். விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது, அலுவலகத்தில் லீவும் கிடைத்தது, வேறு எதையும் யோசிக்கவில்லை. மலைமேல் போகலாம் என்று ரோப் கார் நிலையத்துக்கு நடந்தால், கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் எனக்குப் புரிந்த ஒரே சொல் 'ரெவிஸியோன்'. பராமரிப்பு வேலை என்று அர்த்தம். அருவிக் குகைக்குப் போனோம், அதுவும் சீசன் முடிந்து பூட்டியிருந்தது. பாதி ஓட்டல்களில் நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். யார்மேலும் குறை சொல்ல முடியாது. எல்லாத் தேதியும் முன்கூட்டியே அறிவித்திருந்தவைதான். நான்தான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போய்வந்துவிட்டேன், ஒரு ஜூலையில் அம்மா அப்பாவோடும், ஒரு பிப்ரவரியில் பிள்ளைகளோடும். இந்தப் பள்ளத்தாக்கு வருஷம் முழுக்கத் திறந்திருக்கிறது என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். ஆனால் அதன் எல்லா மாடியும் எல்லா மாதமும் திறந்திருக்காது. இந்த 'மாடி'க் கணக்கு பிடிபட்டுவிட்டால் மற்ற திட்டமெல்லாம் சுலபம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: பள்ளத்தாக்கை நாலு மாடிக் கட்டடமாகப் பாருங்கள்

ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், இன்டர்லாகனுக்குத் தெற்கே இருக்கிறது லவுட்டர்புருன்னன். பனியாறு அரைத்துக் குடைந்த பள்ளத்தாக்கு. அடிப்பகுதி தட்டையாக இருக்கும், இரண்டு பக்கமும் பாறைச் சுவர் செங்குத்தாக நிற்கும். அந்தச் சுவர்களிலிருந்து 72 அருவிகள் விழுவதாகக் கணக்குச் சொல்வார்கள்.

தரைத்தளம், சுமார் 800 மீட்டர் உயரம்: லவுட்டர்புருன்னன் கிராமமும், பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கும் ஸ்டெகெல்பெர்க்கும்.

முதல் மாடி, பாறைச் சுவரின் உச்சியில் இருக்கும் திண்ணை மாதிரி: ஒரு பக்கம் வெங்கன் (1,274 மீட்டர்), எதிர்ப்பக்கம் மியூரன் (1,638 மீட்டர்), அதற்குக் கீழே குட்டியாக கிம்மல்வால்ட். வெங்கனுக்கும் மியூரனுக்கும் கார் போகாது. ரயில் அல்லது ரோப் கார்தான்.

இரண்டாம் மாடி, 2,000 மீட்டரை ஒட்டி: கிளைன ஷைடெக் (2,061 மீட்டர்), மென்லிஷன், அல்மெண்ட்ஹூபல். புல்வெளியும் நடைபாதையும் பனிச்சறுக்கும் இங்கேதான்.

மொட்டைமாடி: ஷில்ட்ஹார்ன் சிகரம் (2,970 மீட்டர்), ரயிலிலேயே போகக்கூடிய யுங்ஃபிராவ்யோக் கணவாய் (3,454 மீட்டர்). யுங்ஃபிராவ்யோக்கில் பனி எப்போதும் உண்டு.

உயரம் கூடக் கூட 100 மீட்டருக்குச் சுமார் 0.6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஜூலை மதியம் கீழே 25 டிகிரியில் டி-ஷர்ட்டோடு நின்றால், அதே நேரத்தில் யுங்ஃபிராவ்யோக்கில் ஸ்வெட்டருக்குமேல் ஜெர்கின் போட்டும் கை விறைக்கும். குளிர்காலத்தில் சில நாட்கள் இந்தக் கணக்கே தலைகீழாகும். கீழே மூடுபனி கவிந்து சாம்பல் நிறமாக இருக்க, மேலே மேகக் கடலுக்குமேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அதனால் 'எந்த மாதம் நல்லது?' என்று யாராவது கேட்டால், 'எந்த மாடிக்கு?' என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டிக்கெட் தேடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். வழிகாட்டியின் பாதி இதுதான்.

டிசம்பர் பிற்பாதி முதல் மார்ச் வரை பனிக்காலம். முதல் மாடியும் இரண்டாம் மாடியும் வெள்ளையாகிவிடும். பனிச்சறுக்கு தெரியாத நமக்கு அங்கே என்ன வேலை என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் என் பிள்ளைகளுக்கு அந்த பிப்ரவரிப் பயணம் ரொம்பப் பிடித்துப்போனது. காரணம் ஷ்லிட்டன் என்கிற மரச்சறுக்கு வண்டி. வாடகைக்கு எடுத்து, ரயிலில் மேலே போய், தனியாக ஒதுக்கிய பாதையில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கலாம். இரண்டு குதிகாலையும் பனியில் ஊன்றினால் பிரேக். வலது பக்கம் திரும்ப வலது குதிகாலை மட்டும் ஊன்றவேண்டும். என் எட்டு வயது மகள் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டாள். நான் மூன்று தடவை வேலி ஓரப் பனியில் புதைந்து எழுந்தேன்.

பனிக்காலத்தில் கவனிக்கவேண்டியது வெளிச்சம். டிசம்பர், ஜனவரியில் எட்டு மணிக்குத்தான் விடியும், ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். பாறைச் சுவர் மறைப்பதால் தரைத்தளத்துக்கு நேரடி வெயில் ரொம்பக் குறைவு. அதனால் இந்தச் சீசனில் லவுட்டர்புருன்னனில் தங்காமல் வெங்கனிலோ மியூரனிலோ தங்குங்கள். ஜனவரி நடுவில் வெங்கனில் லவ்பர்ஹார்ன் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும். 1930 முதல் நடந்துவரும் பந்தயம், இறங்கு பாதையின் நீளம் மட்டும் சுமார் நாலரை கிலோமீட்டர். பார்க்க ஆசையிருந்தால் பல மாதம் முன்பே அறை பிடிக்கவேண்டும். ஆசையில்லாவிட்டால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஏப்ரல் பிற்பாதி முதல் மே நடு வரை இடைக்காலம். மேல் மாடிகளில் பனி உருகிச் சேறாகியிருக்கும், புல் இன்னும் தலைகாட்டியிருக்காது. பல ரோப் கார்கள் பராமரிப்புக்கு நிற்கும். ஆனால் அறை வாடகை இறங்கியிருக்கும், கூட்டமும் இருக்காது. யுங்ஃபிராவ்யோக் ரயில் வருஷம் முழுக்க ஓடுவது, அதனால் மொட்டைமாடி போய்வரலாம்.

மே பிற்பாதியும் ஜூனும் அருவிக் காலம். மேலே உருகும் பனி முழுக்க இந்தச் சுவர்கள் வழியாகத்தான் இறங்கவேண்டும். கிராமத்தின் நடுவிலிருந்தே தெரியும் ஸ்டாவ்பாக் அருவிக்கு 297 மீட்டர் உயரம். 'ஸ்டாவ்' என்றால் தூசி, 'பாக்' என்றால் ஓடை. உச்சியில் தண்ணீராகப் புறப்படுவது பாதியிலேயே காற்றில் தூளாகி, சல்லாத் துணி மாதிரி அசைந்துகொண்டு இறங்கும். 1779இல் இதைப் பார்த்துவிட்டு ஜெர்மன் கவிஞர் கதே ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். குற்றாலம் மாதிரி தலைநீட்டிக் குளிக்கிற அருவி இல்லை, பார்க்கிற அருவி. அதை முதலிலேயே சொல்லிவைத்தால் அப்பா துண்டை எடுத்துவர மாட்டார்.

ட்ருமெல்பாக் வேறு ரகம். ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் மூன்று சிகரங்களின் பனியாற்று நீரும் மலைக்குள்ளேயே பத்து அருவிகளாக இறங்குகிறது. பெருக்கெடுக்கும்போது நொடிக்கு 20,000 லிட்டர் வரை. உள்ளே லிஃப்டில் ஏறிப்போய் படியில் இறங்கிவரவேண்டும். பாறை அதிர்வது உள்ளங்காலில் தெரியும், பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேசமுடியும். நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதியில்லை. ஏப்ரல் வாக்கில் திறந்து நவம்பர் தொடக்கத்தில் மூடிவிடுவார்கள்.

ஜூலை, ஆகஸ்ட்: எல்லா மாடியும் திறந்திருக்கும், எல்லா மாடியிலும் கூட்டம் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் ஒரே நாளில் இரண்டு நாள் வேலையைச் செய்யலாம். இரண்டாம் மாடியில் காட்டுப்பூக்கள் பூத்திருக்கும். ஆனால் பத்து மணிக்குமேல் லவுட்டர்புருன்னன் தெரு ரங்கநாதன் தெருதான். காரில் வரும் பகல்நேரச் சுற்றுலாப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கலாமா என்று 2024இல் ஊரில் பேச்சே எழுந்தது. விடிகாலையிலும் மாலை ஆறுக்கு மேலும் அதே தெரு காலியாக இருக்கும். உள்ளூரிலேயே தங்குவதன் லாபம் அதுதான். ஆகஸ்ட் 1 அவர்களுடைய தேசிய தினம். ராத்திரி மலைமேல் அங்கங்கே தீ மூட்டுவார்கள், பிள்ளைகள் காகித விளக்கு ஏந்தி வருவார்கள்.

என்னைக் கேட்டால் செப்டம்பர். காற்று தெளிவாகிவிடும், பள்ளிக்கூடம் திறந்துவிடுவதால் கூட்டம் குறையும், ரோப் கார்கள் ஓடிக்கொண்டிருக்கும். கோடையில் மேலே மேய்ந்த மாடுகள் கழுத்தில் பெரிய மணியும் தலையில் பூவுமாகக் கீழே இறங்கும் காலமும் இதுதான். மாட்டுப்பொங்கலுக்கு நாம் அலங்கரிப்பது மாதிரியே இருக்கும், கொம்புக்கு வர்ணம் மட்டும் கிடையாது. நமக்குச் சங்கடம் என்னவென்றால், செப்டம்பரில் நம் பிள்ளைகளுக்குக் காலாண்டுப் பரீட்சை.

அக்டோபரில் இலை மஞ்சளாகும், நன்றாகத்தான் இருக்கும். கடைசி வாரம் முதல் ஒவ்வொன்றாக மூட ஆரம்பிப்பார்கள். நவம்பர் கதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

மாதம் முடிவானதும் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் ஏற நினைக்கும் ஒவ்வொரு ரோப் கார், மலை ரயிலின் இணையதளத்திலும் 'இயங்கும் தேதிகள்' பக்கத்தைத் திறந்து, உங்கள் தேதி உள்ளே இருக்கிறதா பாருங்கள். பதினைந்து நிமிட வேலை. நான் செய்யாமல் விட்டது அதுதான்.

படி 3: பின்னோக்கி எண்ணுங்கள் — விசாவும் விமானமும்

ஸ்விட்சர்லாந்து ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்கவேண்டும். கோடைக்குப் போவதானால் 15 நாளை நம்பாதீர்கள். விரல் ரேகை கொடுக்க அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. மூன்று நாலு மாதம் முன்பே தொடங்குங்கள். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை பாதி, ஆறு வயதுக்குக் கீழ் இலவசம். விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். வாங்கும்போது மலை மீட்பும் ஹெலிகாப்டரும் அதில் அடங்குமா என்று பார்த்து வாங்குங்கள். பனியில் சறுக்கும் எண்ணமிருந்தால் அதுவும் சேர்ந்திருக்கவேண்டும்.

சென்னையிலிருந்து ஜூரிக்குக்கு நேரடி விமானம் கிடையாது, ஒரு இடத்தில் மாறவேண்டும். இறங்குமிடம் ஜூரிக் என்றால் நல்லது. ஜெனீவா அதைவிடச் சற்றுத் தொலைவு.

படி 4: எந்த மாடியில் தூங்குவது

இன்டர்லாகனில் தங்கினால் கடை கண்ணி, இந்திய ஓட்டல் எல்லாம் பக்கத்தில் இருக்கும், வாடகையும் சில சமயம் குறைவு. ஆனால் மலை பார்க்கத் தினமும் ரயில் ஏறவேண்டும். லவுட்டர்புருன்னனில் தங்கினால் இரண்டு பக்கமும் ஏற வசதி. வெங்கன் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு, மேற்கே பார்த்த ஊர் என்பதால் மாலை வெயில் கடைசிவரை இருக்கும். மியூரனில் ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் மூன்றும் ஜன்னலுக்கு நேரெதிரே நிற்கும். வாடகையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாவது அங்கே இரண்டு ராத்திரி இருக்கலாம்.

வயதானவர்களோடு போகிறீர்களா? ஸ்டேஷனிலிருந்து தங்குமிடத்துக்கு எத்தனை நிமிட நடை, ஏற்றமா சமமா என்று கேட்டுவிடுங்கள். கார் இல்லாத ஊரில் பெட்டியை நாம்தான் இழுக்கவேண்டும். அங்கே 'ஐந்து நிமிடம்' என்பது அவர்கள் ஊர்க் கால் வைத்துச் சொல்வது.

மூன்று நாளுக்கு மேல் என்றால் ஓட்டலைவிட சமையலறையோடு கூடிய வீடு மேல். 'ஃபெரியன்வோனுங்' என்பார்கள். உச்ச சீசனில் சனி முதல் சனி வரை வாரக்கணக்கில்தான் தருவார்கள். சுத்தம் செய்யும் கட்டணமும் ஊர் வரியும் தனியாக வரும், வாடகையோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது. தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள், புகை அலாரம் கடுகுக்கும் தீப்பற்றலுக்கும் வித்தியாசம் பார்க்காது.

படி 5: பாஸ் கணக்கு

இங்கேதான் பணம் ஒழுகும். ஒரு ஸ்விஸ் பிராங்க் நூறு ரூபாய்க்கு மேல் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். இன்டர்லாகனிலிருந்து யுங்ஃபிராவ்யோக் போய்வர முழுக் கட்டணம் ஒருவருக்கு 200 பிராங்குக்கு மேல். நாலு பேர் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்விஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கும். நாடு முழுக்க ரயில், பஸ், படகு அடக்கம். இந்தப் பள்ளத்தாக்கில் வெங்கன் வரையும் மியூரன் வரையும் செல்லும். அதற்குமேல் தள்ளுபடி மட்டும்தான், யுங்ஃபிராவ்யோக்குக்கு 25 சதவீதம். பல ஊர் சுற்றுகிறவர்களுக்கு இது சரி. பெற்றோர் பாஸோடு போனால் 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசம், வாங்கும்போதே கேட்டுச் சேர்க்கவேண்டும்.

பள்ளத்தாக்கிலேயே நாலைந்து நாள் உட்காருவதானால் யுங்ஃபிராவ் டிராவல் பாஸ் அல்லது பெர்னர் ஓபர்லாண்ட் பாஸ் பாருங்கள். இரண்டாம் மாடியில் தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்கு இவைதான் கட்டுப்படியாகும். தினம் ஒரு பயணம்தான் என்றால் அரைக் கட்டண அட்டை வாங்கி டிக்கெட்டைத் தனித்தனியாக எடுப்பது மலிவாக முடியலாம். ஒரு தாளில் நாள்வாரியாக எங்கே ஏறுகிறோம் என்று எழுதி, மூன்று விதமாகவும் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஸ்விஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலியில் எல்லாக் கட்டணமும் தெரியும்.

படி 6: போய்ச் சேருதல் (பெட்டி மாறி ஏறாமல்)

ஜூரிக் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம். இன்டர்லாகன் ஓஸ்ட் வரை இரண்டேகால், இரண்டரை மணி நேரம். அங்கே மலை ரயிலுக்கு மாறினால் இருபது நிமிடத்தில் லவுட்டர்புருன்னன்.

அந்த இருபது நிமிடத்தில்தான் விஷயம் இருக்கிறது. அந்த ரயில் நடுவில் ஸ்வைலூட்ஷினன் என்ற ஸ்டேஷனில் இரண்டாகப் பிரியும். பாதிப் பெட்டிகள் லவுட்டர்புருன்னனுக்கு, மீதி அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும் கிரிண்டல்வால்டுக்கு. எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று பிளாட்பாரப் பலகையிலும் பெட்டியிலும் போட்டிருப்பார்கள். ஜூலைப் பயணத்தில் நான் சாமான்களோடு ஒரு பக்கம் ஏறினேன், அம்மா அப்பா ஜன்னலோர இடம் தேடி அடுத்தடுத்த பெட்டிக்கு நகர்ந்துகொண்டே போனார்கள். பத்து நிமிடம் கழித்து அப்பாவின் போன்: "டேய், நம்ம பின்னாடி உன் வண்டி வரலியே?" அவர்கள் கிரிண்டல்வால்ட் போய்க்கொண்டிருந்தார்கள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அடுத்த ரயிலில் திரும்பி வந்தார்கள், அம்மாவுக்கு ஒரு ஊர் கூடுதலாகப் பார்த்த திருப்தி.

லவுட்டர்புருன்னனில் இறங்கியதும், வெங்கன் போகிறவர்கள் பக்கத்துப் பிளாட்பாரத்திலேயே பல்சக்கர ரயிலில் ஏறலாம். 1893இல் திறந்த பாதை. ஊட்டி மலை ரயிலில் போனவர்களுக்குத் தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் பல்வரிசை பழக்கமானதாகத் தெரியும். நம் நீலகிரி ரயிலின் பழைய நீராவி எஞ்சின்களும் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவைதானே. மியூரன் போகிறவர்களுக்கு இரண்டு வழி. ஸ்டேஷனுக்கு எதிரேயிருந்து கிரூட்ஷால்ப் வரை ரோப் கார், அங்கிருந்து சின்ன ரயில். இல்லாவிட்டால் மஞ்சள் பஸ்ஸில் ஸ்டெகெல்பெர்க் பக்கம் போய், 2024 டிசம்பரில் திறந்த புதிய ரோப் காரில் நேராக ஏறலாம். உலகிலேயே மிகச் செங்குத்தான ரோப் கார் அது, சரிவு 159 சதவீதத்துக்கு மேல். உயரம் பயமென்றால் பெட்டியின் நடுவில் நின்று மலைப்பக்கம் பாருங்கள். அப்படியும் பயமென்றால் கிரூட்ஷால்ப் வழி.

படி 7: நாள்களை முன்கூட்டியே பூட்டிவைக்காதீர்கள்

நம்மில் பலர் செய்வது: திங்கள் யுங்ஃபிராவ்யோக், செவ்வாய் ஷில்ட்ஹார்ன் என்று ஊரிலிருந்தே டிக்கெட் எடுத்துவிடுவது. மலைக்குத் திங்கள் செவ்வாய் தெரியாது. முதல் பயணத்தில் ரோப் கார் இல்லாமல் ரயிலில் நாங்கள் நாலு பேர் மேலே போய்ப் பார்த்தது வெள்ளை மேகம். பார்வை மாடத்தில் நீட்டிய கையே மங்கலாகத்தான் தெரிந்தது.

இப்போது நான் செய்வது இது. காலை ஆறரைக்கு எழுந்ததும் போனில் மலை உச்சி நேரலைக் கேமராக்களைப் பார்ப்பேன். தங்கும் அறை டிவியிலும் ஒரு சேனலில் இதையே காட்டுவார்கள். கூடவே மீட்டியோசுவிஸ் என்ற வானிலைச் செயலியில் அன்றைய நிலவரம். மொட்டைமாடி தெளிவாக இருந்தால் டிக்கெட் எடுத்து உடனே கிளம்புவேன். மேகம் மூடியிருந்தால் அருவி, கிராமம், படகு என்று தரைத்தளத்திலேயே இருப்பேன். நடுவில் மட்டும் மேகம் என்றால் அதைக் கடந்து மேலே போனால் வெயில் இருக்கலாம், கேமரா சொல்லிவிடும். ஐந்து நாள் இருந்தால் ஒரு நாளாவது தெளிவாகக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு நாள் என்றால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

'ஃபோன்' என்ற சொல்லையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், தொலைபேசி இல்லை. தெற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் சூடான வறண்ட காற்று. வானம் பளிச்சென்று இருக்கும், மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் ரோப் கார் நின்றுவிடும். அது போன்ற நாளில் யுங்ஃபிராவ்யோக் போகும் சுரங்க ரயில்தான் கை கொடுக்கும்.

யுங்ஃபிராவ்யோக்கா, ஷில்ட்ஹார்னா? இரண்டுக்கும் பணம் இல்லையென்றால்? யுங்ஃபிராவ்யோக் ரயிலின் வேலை 1896இல் தொடங்கி 1912இல் முடிந்தது. ஐகரையும் மோன்க்கையும் குடைந்து ஏழு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். மேலே ஆல்ப்ஸின் மிக நீளமான பனியாறான அலெட்ச் கண்முன்னால் கிடக்கும். நடுவில் ஐஸ்மீர் நிலையத்தில் ஐந்து நிமிடம் நிற்கும், இறங்கிக் கண்ணாடி வழியே பார்க்கலாம். உடம்பும் உயரத்துக்குப் பழக அது கொஞ்சம் உதவும். ஷில்ட்ஹார்னில் பனியாற்றுக்குள் நிற்க முடியாது. ஆனால் மூன்று சிகரங்களையும் ஒரே வரிசையில் எதிரிலிருந்து பார்க்கலாம், செலவும் குறைவு. வாழ்க்கையில் பனியே பார்த்திராத பெற்றோரோடு போனால் முதலாவது. மலையைப் பார்க்கப் போகிறேன், கூட்டம் வேண்டாம் என்றால் இரண்டாவது.

யுங்ஃபிராவ்யோக்குக்குப் போகும்போது ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குங்கள். கிரிண்டல்வால்டிலிருந்து ஐகர் எக்ஸ்பிரஸ் ரோப் காரில் பதினைந்து நிமிடத்தில் ஐகர்கிளெட்ஷர் நிலையம், அங்கே சுரங்க ரயிலுக்கு மாறலாம். இந்த ரோப் கார் 2020 டிசம்பரில் வந்தது. திரும்பும்போது கிளைன ஷைடெக், வெங்கன் வழியாக மெதுவாக ரயிலில் இறங்கலாம். கோடையில் கூட்டம் அதிகம், ரயில் இருக்கை முன்பதிவை முந்தின நாள் மாலையாவது செய்துவிடுங்கள்.

படி 8: நடை

இங்கே நடக்காமல் திரும்புவது திருப்பதிக்குப் போய் லட்டு வாங்காமல் திரும்புவது மாதிரி. மஞ்சள் பலகைகளில் கிலோமீட்டர் இருக்காது, நேரம் இருக்கும். '1 மணி 30 நிமிடம்' என்றால் நிற்காமல் நடக்கும் ஆளுக்கு. போட்டோ, தண்ணீர், முறுக்கு எல்லாம் சேர்த்துப் பாதி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். வெறும் மஞ்சள் பலகை எல்லோருக்கும். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு போட்டிருந்தால் மலைப்பாதை, நல்ல பிடிமானமுள்ள ஷூ வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை பார்த்தால் திரும்பிவிடுங்கள், அது கயிறும் பழக்கமும் உள்ளவர்களுக்கு.

முட்டி வலிக்காரர்களுக்கு லவுட்டர்புருன்னனிலிருந்து ஸ்டெகெல்பெர்க் வரை சமதளப் பாதை, ஓடையோரமாகவே போகலாம். களைத்தால் பஸ்ஸில் திரும்பலாம். பிள்ளைகளோடு என்றால் மென்லிஷனிலிருந்து கிளைன ஷைடெக், சுமார் நாலரை கிலோமீட்டர், பெரும்பாலும் லேசான இறக்கம், ஐகர் நேரெதிரே வளர்ந்துகொண்டே வரும். கிரூட்ஷால்பிலிருந்து மியூரன் நடையும் அதே அளவு எளிது. இரண்டாம் மாடிப் பாதைகளில் ஜூன் தொடக்கம்வரைகூடப் பனி கிடக்கலாம், டிக்கெட் கவுன்டரில் கேட்டுவிட்டு ஏறுங்கள். பனிக்காலத்தில் இதே மாடியில் நடப்பதற்கென்று அழுத்திச் சமன் செய்த பாதைகள் உண்டு. மூடிய பாதைக்குள் மட்டும் போகாதீர்கள், பனிச்சரிவு ஆபத்துக்காகத்தான் மூடியிருப்பார்கள்.

படி 9: வயிறு

ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாடு ஒருவருக்கு 25 பிராங்குக்குக் குறையாது. கூப் என்ற பலசரக்குக் கடைதான் கதி. லவுட்டர்புருன்னன், வெங்கன், மியூரன் மூன்றிலும் உண்டு, இன்டர்லாகன் ஓஸ்ட் எதிரில் இருப்பது பெரியது. அரிசி, தயிர், காய்கறி கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் அடைத்திருக்கும், சனிக்கிழமையே வாங்கிவையுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீரே குடிக்கலாம்.

ஊரிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் எடுத்துப் போகலாம். பால் பொருளும் இறைச்சியும் இந்தியாவிலிருந்து கொண்டுபோக அனுமதியில்லை. அதனால் நெய் டப்பாவும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். அங்கே வெண்ணெய்க்குப் பஞ்சமில்லை, வாங்கி உருக்கிக்கொள்ளலாம்.

சைவக்காரர்களுக்கு: ரோஸ்டி என்பது துருவிய உருளைக்கிழங்கை வதக்கித் தோசை மாதிரி சுட்டது. எல்ப்ளர்மகரோனன் என்பது மக்ரோனி, உருளைக்கிழங்கு, சீஸ் சேர்ந்தது. இரண்டிலுமே பன்றி இறைச்சித் துண்டு இருக்கக்கூடும். 'ஓன ஃப்ளைஷ்' (இறைச்சி இல்லாமல்) என்று சொல்லி வாங்குங்கள். இன்டர்லாகனில் ஒரு ஓட்டலில் நாங்கள் இதையே இரண்டு தடவை விளக்கிக்கொண்டிருந்தபோது, சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் எட்டிப் பார்த்தார். "நீங்கள் தமிழோ? கொஞ்சம் பொறுங்கோ, நான் செய்து தாறன்." யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல். ரோஸ்டிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை மிளகாயைக் கீறி வைத்து அனுப்பினார். ஸ்விட்சர்லாந்தின் ஓட்டல் சமையலறைகளில் ஈழத்தமிழர்கள் ஏராளம், தயங்காமல் தமிழில் பேசிப் பாருங்கள். மழை நாள் வந்தால் ஒரு மணி நேர ரயிலில் பெர்ன் போய், 2014இல் திறந்த, பல மதங்கள் பகிர்ந்துகொள்ளும் 'சமயங்களின் இல்லம்' என்ற கட்டடத்தில் அவர்கள் எழுப்பியிருக்கும் சைவக் கோயிலையும் பார்த்துவரலாம்.

படி 10: பெட்டியும் உடம்பும்

எந்த மாதமானாலும் மூன்று அடுக்கு: உடம்போடு ஒட்டிய ஒன்று, நடுவில் கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத ஜெர்கின். குல்லா, கையுறை ஜூலையிலும். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம், பனியில் பட்டுத் திரும்பும் வெயில் அரை மணியில் மூக்கைக் கருக்கிவிடும். பருத்திச் சாக்ஸ் நனைந்தால் காயாது, கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி போதும். நம் இரண்டு முள் மெல்லிய சார்ஜர் அங்கே நுழையும், மூன்று முள் பிளக் நுழையாது. மாற்று பிளக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ரைஸ் குக்கருக்குத் தேவைப்படும்.

யுங்ஃபிராவ்யோக்கில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இறங்கியதும் ஓடாதீர்கள். தலை சுற்றினால் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், சரியாகாவிட்டால் அடுத்த ரயிலில் இறங்கிவிடுங்கள். இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிடுங்கள். என் அப்பா மேலே போய்ப் பத்து நிமிடத்தில் முகம் வெளுத்துப்போனார். ஒரு மணி நேரம் உட்காரவைத்து, சூடாகச் சூப் வாங்கிக் கொடுத்தபிறகுதான் பனியை மிதிக்க எழுந்தார்.

போனில் மூன்று எண்களைப் பதிந்துகொள்ளுங்கள்: 144 ஆம்புலன்ஸ், 112 பொது அவசரம், 1414 ரேகா என்ற ஹெலிகாப்டர் மீட்புச் சேவை. தங்கும் ஊரின் பெயரை ஜெர்மன் எழுத்தில் ஒரு தாளில் எழுதி அம்மா அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள். ஸ்வைலூட்ஷினனுக்குப் பிறகு நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.